பால்வாடிக்கு நான் எடுத்த எச்.டி.ஆர். படம்

பால்வாடிகளுக்கு மேலதிகாரியான அந்த அம்மா கவரைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு?" என்றார்.

நானும் என் மனைவி மும்தாஜும் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். உட்காரச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் இரண்டு நாற்காலிகள் இருந்தன. இரண்டிலும் கோப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"இருட்டு இருட்டுன்னு மனு மேல மனு எழுதுறீங்க. செவுத்துல இருக்கிற அ, ஆ சார்ட் வரைக்கும் படிக்க முடியுது. இந்த எடத்துக்கு என்னம்மா கொறைச்சல்?"

மும்தாஜ் எட்டிப் படத்தை வாங்கினாள். அவளும் அப்போதுதான் அதை முதல் தடவையாகப் பார்க்கிறாள். முந்தின நாளே பிரிண்ட் எடுத்துக் கவருக்குள் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். ஆபீஸில் பிரிக்கும்போது அவளும் சேர்ந்து அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை.

அசந்துதான் போனாள். படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் வாங்கியதில்லை.

இது நடந்தது எந்த ஊர் ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மா இப்போது ஓய்வு பெற்றிருப்பார். எனக்குக் கோபம் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மச்சான் கொடுத்த கேமரா

உத்தமபாளையத்தில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த கதையைப் போன வாரம் சொன்னேன். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஒரு நீலத் துணி. இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

துபாயிலிருந்து லீவில் வந்த மும்தாஜின் அண்ணன், தான் வைத்திருந்த பெரிய கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். "இத வச்சுப் பொழச்சுக்கங்க மச்சான்" என்றார். அதற்கு முன்னால் நான் படம் எடுத்ததெல்லாம் அந்த நீலத் துணிக்கு முன்னால் மட்டும்தான்.

அந்த நீலத் துணியே எனக்குப் போதுமான கோபத்தைக் கொடுத்திருந்தது. முதியோர் பென்ஷனுக்குப் படம் எடுக்க ஒரு பெரியவர் வந்தார். கண்ணில் புரை, வெளிச்சம் பட்டால் மூடிக்கொள்ளும். "கண்ணு மூடியிருக்கு, வேற படம் கொண்டா" என்று ஆபீஸில் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மனுஷன் எதிரே நிற்கிறார். அவரைப் பார்க்காமல் அவருடைய படத்தைப் பார்க்கிறார்கள். இந்த வியாதிக்கு மருந்து இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய கேமரா வந்ததும் இன்டர்நெட்டில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். சென்டரில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதுதான் வேலை. அப்படித்தான் எச்.டி.ஆர். கண்ணில் பட்டது.

நம் கண் கெட்டிக்காரக் கண். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நின்று பாருங்கள். நிழலில் நிற்கிறவர் முகமும் தெரியும், இலைச் சந்து வழியாக எரிகிற வானமும் தெரியும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. முகம் வேண்டுமென்றால் வானம் வெளுத்துப்போகும். வானம் வேண்டுமென்றால் முகம் கரியாகிவிடும்.

அதற்கு வெள்ளைக்காரன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கேமராவை ஸ்டாண்டில் ஆடாமல் நிறுத்தி, ஒரே காட்சியை மூன்று விதமாக எடுக்க வேண்டும். ஒன்று இருட்டாக, ஒன்று நடுத்தரமாக, ஒன்று வெளிச்சமாக. மூன்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் நிழலில் இருப்பதும் தெரியும், வெயிலில் இருப்பதும் தெரியும். படித்ததும் எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

ஆடிக் காற்றில் பாடம்

முதல் படத்துக்குத் தெரிந்தவர் தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்குப் போனேன். ஸ்டாண்டை ஊன்றினேன். மூன்று படம் எடுத்தேன். வந்து கம்ப்யூட்டரில் சேர்த்தால் ஒவ்வொரு இலையும் மூன்று இலையாகத் தெரிந்தது. பந்தலுக்கு அடியில் மருந்தடித்துக்கொண்டிருந்தவருக்கு நாலு கை. முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் எது அசைந்தாலும் இப்படி நிழல் நிழலாகத் தெரியுமாம். இதற்கு அவர்கள் வைத்த பெயர் பேய்.

பேயை ஓட்ட என்ன வழி என்று தேடினால், ஒரு மகானுபாவன் எழுதியிருந்தான்: காற்றில்லாத நாளாகப் பார்த்துப் படம் எடுங்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில், ஆடி மாசத்தில், காற்றில்லாத நாளுக்கு நான் எங்கே போவேன்? மலைக் கணவாய் வழியாக உள்ளே புகுந்து, கூரைத் தகரத்தைக் கழற்றி, ரோட்டில் போகிற சைக்கிளைத் தள்ளிவிட்டுப் போகிற காற்று எங்கள் காற்று. தென்னை மரமெல்லாம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. என் படங்களில் தென்னைக்கு ஒன்பது தலை.

அடுத்த எதிரி மின்சாரம். அது கரண்ட் கட் காலம். மூன்று படங்களைச் சேர்க்க என் கம்ப்யூட்டர் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற நேரம் எடுத்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போகும். வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யு.பி.எஸ். பெட்டி கத்துகிற கத்தில், பக்கத்து டெய்லர் கடைக்காரர் எழுந்து வந்து "ஏதும் ஆபத்தா பாய்?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

இவ்வளவையும் தாண்டி ஒருவழியாக எனக்கு அந்த வித்தை பிடிபட்டது. புதிதாகக் கற்றவன் செய்கிற அத்தனை அட்டூழியமும் செய்தேன். சாஃப்ட்வேரில் எந்தப் பட்டனைக் கண்டாலும் கடைசி வரைக்கும் தள்ளினேன். வானம் கத்தரிப்பூ நிறமானது. மேகமலை பச்சை எனாமல் பெயிண்ட் அடித்தது போலானது. தென்னை மரத்துக்கெல்லாம் சாமிக்கு இருப்பது மாதிரி தலையைச் சுற்றி ஒளிவட்டம்.

பார்த்தவர்கள் "காலண்டர் மாதிரி இருக்கு பாய்" என்றார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

குடோனில் பால்வாடி

மும்தாஜ் பால்வாடி டீச்சர். எங்கள் வீட்டிலிருந்து மினிபஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு கிராமம். அங்கே பால்வாடிக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வாடகைக்கு ஒரு குடோன். தங்கராசு என்கிற திராட்சை வியாபாரி ஒரு காலத்தில் புளி மூட்டை போட்டு வைத்திருந்த குடோன்.

அதற்கு ஜன்னல் கிடையாது. முன்னால் ஒரு கதவு, அவ்வளவுதான். கரண்ட் கனெக்‌ஷனும் கிடையாது. வெயிலில் இருந்து உள்ளே போனால் கொஞ்ச நேரத்துக்குக் கண்ணே தெரியாது. தரை பெயர்ந்து, சுவரோரம் விரிசல் விட்டிருந்தது. பத்துப் பதினைந்து பிள்ளைகள். அம்மாக்கள் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள், இல்லையென்றால் கீழே தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு வேறு இடமில்லை.

ஒருநாள் மணி என்கிற மூன்று வயசுப் பையனைத் தேள் கொட்டியது. பாயை விட்டு எழுந்து தண்ணீர்க் குடத்துக்குப் போயிருக்கிறான். எதை மிதித்தோம் என்று அவனுக்கும் தெரியவில்லை, மும்தாஜுக்கும் தெரியவில்லை. பையன் அலறினான். உடம்பெல்லாம் வேர்த்து, கைகால் சில்லிட்டுப்போனது. அவன் அம்மா ஈஸ்வரி திராட்சைத் தோட்டத்தில் இருந்தாள். அப்பா பாண்டி, எஸ்டேட் ஜீப் டிரைவர். அவர் கேரளாப் பக்கம் மலையில் இருந்தார். மற்ற பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு, பையனைத் தோளில் போட்டுக்கொண்டு மும்தாஜ் ரோட்டுக்கு ஓடினாள்.

பிழைத்துக்கொண்டான். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை.

"இன்னொரு புள்ளைக்கு இப்படி ஆனா நான் உசுரோட இருக்க மாட்டேங்க" என்றாள். "அந்த எடத்த மாத்தியே ஆகணும்."

மனு எழுதினாள். பதில் இல்லை. இன்னொரு மனு எழுதினாள். அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது மனுவுக்கு ஆபீஸிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள்: இடத்தின் நிலைமையைக் காட்டும் புகைப்படம் இணைக்கவும்.

"ஒங்க பெரிய கேமராவக் கொண்டாங்க" என்றாள் மும்தாஜ். அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆடாமல் எடுத்த படம்

எச்.டி.ஆருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் உண்டா? உள்ளே கும்மிருட்டு, கதவுக்கு வெளியே உச்சி வெயில். ஸ்டாண்டை மூலையில் ஊன்றினேன். பிள்ளைகள் பாயில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுக்கு ஒரு படம், நடுத்தரமாக ஒரு படம், இருட்டுக்கு ஒரு படம். அந்தக் கடைசிப் படத்துக்கு எட்டு நொடி கேமரா கண்ணைத் திறந்து வைத்திருந்தது. "ஆடாம இருங்க கண்ணுகளா" என்றேன். முடிந்ததும் எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து, "சமத்துப் புள்ளைக" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கம்ப்யூட்டரில் சேர்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்படி ஒரு படத்தை அதுவரை நான் எடுத்ததில்லை. இருட்டுக்குள் இருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சுவரின் காவி நிறம், சார்ட்டில் இருந்த யானை, பிள்ளைகளின் சட்டைப் பொத்தான். கதவுக்கு வெளியே நீல வானம். உள்ளே பொன்னிறமாக வெளிச்சம் பரவியிருந்தது. அங்கே இல்லவே இல்லாத வெளிச்சம்.

அதைத்தான் பிரிண்ட் எடுத்துக் கவருக்குள் போட்டு ஒட்டிக் கொண்டுபோனேன்.

பஸ் ஸ்டாண்டில்

"நேர்ல வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்க மேடம்" என்று மும்தாஜ் அன்றைக்கு அந்த ஆபீஸில் கேட்டாள்.

"அதான் படம் இருக்கேம்மா. நேர்ல எதுக்கு?" என்றார் அந்த அம்மா.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மும்தாஜ் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்ததும் திரும்பினாள்.

"நான் ஒங்ககிட்ட என்ன கேட்டேன்?"

"படம் கேட்ட."

"இருட்டக் கேட்டேன். இருட்ட எடுத்துக் குடுங்கன்னு கேட்டேன். நீங்க என்னத்த எடுத்தீக? மகால் கணக்கா எடுத்து வச்சிருக்கீக. அந்தச் சார்ட்டுல யானை இருக்கிறதே எனக்குத் தெரியாது. நான் அதுல அஞ்சு வருசமா வேல பாக்குறேன், தடவித்தான் ஆணியில மாட்டியிருக்கேன். ஒங்களுக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு அம்புட்டு வெளிச்சம்?"

முறுக்கு விற்கிறவர் வரைக்கும் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் எச்.டி.ஆர். என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். அதைவிட முட்டாள்தனமான காரியத்தை ஒரு புருஷன் செய்ய முடியாது.

"வேணாம். பேசாதீக" என்றாள்.

மறுநாளே போய் இன்னொரு படம் எடுத்தேன். ஒரே ஒரு படம். எந்தச் சேர்ப்பும் இல்லை, எந்தப் பட்டனையும் தொடவில்லை. கறுப்பு. நடுவில் வெள்ளையாக ஒரு கதவு. அவ்வளவுதான். அந்தக் குடோனுக்குள் கண் எதைப் பார்க்கிறதோ அதுதான்.

அந்த அம்மா அதையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே தெரியலையே?"

"அதத்தான் மேடம் சொல்றோம்" என்றேன். "அங்கன ஒண்ணுமே தெரியாது."

"மொதல்ல குடுத்த படம் எவ்வளவு தெளிவா இருந்துச்சு! இப்ப வேணும்னே கம்ப்யூட்டர்ல போட்டு இருட்டாக்கிக் கொண்டாந்திருக்கீங்க. நீங்க கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா சார்?"

கை வைத்த படத்தை உண்மை என்கிறார். கை வைக்காத படத்தைப் பொய் என்கிறார். எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. மும்தாஜ் என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அன்றைக்கு ஒரு நாற்காலியாவது உடைந்திருக்கும்.

தங்கராசு கேட்ட காப்பி

வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். ஒரு வாரம் கழித்து தங்கராசு என் சென்டருக்கு வந்தார். வெள்ளை வேட்டி, சென்ட் வாசனை, வாய் நிறையச் சிரிப்பு.

"பாய், ஆபீஸ்ல அந்தப் படத்தப் பாத்தேன். நம்ம கட்டடம் இம்புட்டு அழகான்னு எனக்கே தெரியாமப் போச்சு. பெருசா ஒரு காப்பி போட்டுக் குடுங்க. வீட்டுல மாட்டணும்."

வாடகை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு வேண்டியது பவிசு. நம்ம கட்டடத்தில் கவர்மெண்டு நடக்குது என்று சொல்லிக்கொள்கிற பவிசு. அதற்காக அவர் ஆபீஸில் யார் யாரிடம் பேசி வைத்திருந்தார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும்.

"அதே கட்டடத்துல ஒரு புள்ளையத் தேள் கொட்டுச்சே, அது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தேளு எங்கன இல்ல பாய்? எங்க வீட்டுலயுந்தான் இருக்கு. புள்ளைகள சும்மா அங்கிட்டும் இங்கிட்டும் அலைய விடாமப் பாத்துக்கிறணும். டீச்சருக்கு அதுதான வேல?"

காப்பி போடவில்லை. மிஷின் ரிப்பேர் என்று சொன்னேன். அவருக்கு எதிரிலேயே மிஷினில் இன்னொருவருக்கு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன்.

எங்கிருந்தோ வந்த கேள்வி

அந்தப் பாழாய்ப்போன படத்தை நான் ஒரு வெளிநாட்டு இணையதளத்திலும் போட்டிருந்தேன். எச்.டி.ஆர். படம் எடுக்கிறவர்கள் கூடிப் பேசுகிற இடம். பாராட்டிப் பலர் எழுதியிருந்தார்கள். கதவோரத்து வெளிச்சம் அருமை, சுவரின் நிறம் அருமை. எல்லாவற்றையும் எரிச்சலோடு படித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் ஒருவர் கேட்டிருந்தார். அவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. அவருக்கும் சின்னப் பிள்ளை இருந்திருக்கும். பேயே இல்லாமல் இத்தனை குழந்தைகளை எப்படி எடுத்தீர்கள்? எப்படி இவர்களை அசையாமல் உட்கார வைத்தீர்கள்?

நான் பழைய மூன்று படங்களையும், அவற்றைச் சேர்த்த படத்தையும் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கதவுக்கு வெளியே வேப்பங்கிளை கலங்கலாக இருந்தது. வாசலில் மேய்ந்த கோழிக்கு இரண்டு தலை. ஓரத்தில் நின்றிருந்த மும்தாஜ் கூட முகத்தைத் திருப்பியிருக்கிறாள், முகம் கலைந்திருந்தது. எனக்குத் தெரிந்து எட்டு நொடி ஆடாமல் இருக்கிறவர் யாரும் கிடையாது. பாஸ்போர்ட் போட்டோவுக்குப் பெரியவர்களே ஒரு நொடி நிற்க மாட்டார்கள்.

பிள்ளைகள் மட்டும் கல்லில் செதுக்கியது போல இருந்தார்கள். ஒரு விரல் அசையவில்லை. ஒரு கால் பாயைத் தாண்டி நீளவில்லை. எல்லோரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்குப் போய் மும்தாஜிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்.

"அதுக எங்க அசையும்? மணிக்குக் கொட்டுனதுலேருந்து ஒண்ணும் காலக் கீழ வைக்கிறதில்ல. ஒண்ணுக்கு வந்தாக்கூட எந்திரிக்காம அங்கனயே இருந்துருதுக. நாந்தான் சொல்லிவச்சேன். பாய விட்டு எறங்குனா தேளு கொட்டும்னு தெனமும் நாந்தான் சொல்றேன். வேற என்ன செய்யச் சொல்றீக என்னைய?"

கீரைத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

நான் அவர்களுக்கு மிட்டாய் கொடுத்தேனே, சமத்து என்று சொன்னேனே என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

டிசிப்ளின்

மூன்றாவது தடவை போனோம். இந்தத் தடவை மும்தாஜே பேசினாள். படத்தை மேசையில் விரித்து வைத்து, கோழியைக் காட்டினாள், கிளையைக் காட்டினாள், தன் முகத்தைக் காட்டினாள். பிறகு பிள்ளைகளைக் காட்டினாள்.

"எல்லாம் மூணு வயசு, நாலு வயசு மேடம். இந்த வயசுப் புள்ள இம்புட்டு நேரம் அசையாம இருக்குமா? பயந்துபோயி இருக்குதுக மேடம். தேளுக்குப் பயந்துக்கிட்டு நாள் பூரா இப்படியேதான் இருக்குதுக. வெளையாடுறதில்ல, ஓடுறதில்ல. எடத்த மாத்திக் குடுங்க."

அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படத்தின் மேல் குனிந்தார். முகம் மாறியது மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. சரி, கல்லும் கரையும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அப்ப புள்ளைங்க நல்ல டிசிப்ளினா இருக்குன்னு சொல்லுங்க" என்றார். "சந்தோஷம்மா. நீங்க வேலைய ஒழுங்காத்தான் பாக்குறீங்க. ஆனா இப்படிப் பால்வாடிய விட்டுட்டு அடிக்கடி இங்க வர்றது சரியில்ல. இன்னொரு தடவ வந்தீங்கன்னா மெமோ குடுக்க வேண்டியிருக்கும்."

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஆபீஸே எழுந்து நின்றது. பியூன் என்னைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். "விடுங்க பாய், நம்ம அம்மா யாரு சொன்னாலும் கேக்க மாட்டாக" என்று காதோரம் சொன்னார். அந்த ஆபீஸில் எங்களுக்கு ஆதரவாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதையும் காதோரத்தில்தான் சொல்ல முடிந்தது.

மும்தாஜ் கத்தவில்லை. படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வர்றேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். அவள் அப்படி அமைதியாக இருந்தால் எனக்குத்தான் பயமாக இருக்கும்.

பாண்டியின் ஜீப்

கடைசியில் இடம் மாறியதா என்று தவிக்கிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மாறியது. அதே கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்த அறை ஒன்று இருந்தது. மூன்று ஜன்னல், சிமெண்டுத் தரை. அத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்தது. பிள்ளைகள் தேளுக்குப் பயந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், உடைந்த பெஞ்சுகள் ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. நினைத்தால் இப்போதும் எதையாவது எடுத்து உடைக்கலாம் போல இருக்கிறது.

அந்த அறை எப்படித் திறந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

மெமோ மிரட்டலைக் கேட்ட அன்றைக்குச் சாயங்காலமே மும்தாஜ், மணியின் அம்மா ஈஸ்வரி வீட்டுக்குப் போனாள். மற்ற அம்மாக்களும் வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒன்றுதான் சொன்னாள்.

"நாளைக்கு மெமோ குடுத்தாலும் குடுக்கட்டும், வேலைய விட்டு நீக்குனாலும் நீக்கட்டும். நீங்க வர்றீகளா?"

வருகிறேன் என்றேன். கேமராவை எடுத்தேன்.

"அத வீட்டுல வைங்க" என்றாள்.

மறுநாள் காலையில் மணியின் அப்பா பாண்டி, எஸ்டேட்டில் ஆட்களை இறக்கிவிட்டு ஜீப்பைக் கீழே கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து ஜீப்பில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. அத்தனை பிள்ளைகளும் ஏறினார்கள். கூலியை விட்டுவிட்டு வந்த ஐந்தாறு அம்மாக்கள் ஏறினார்கள். நான் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன்.

ஆபீஸ் நல்ல ஆபீஸ். உயரமான கூரை, ஆளுயர ஜன்னல்கள், பளபளவென்று மொசைக் தரை. பிள்ளைகள் வாசலிலேயே கூட்டமாக நின்றுவிட்டார்கள். அம்மாக்களின் சேலையை விடவில்லை. மும்தாஜ் பாய் எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை.

"போங்கடா கண்ணுகளா. வெளையாடுங்க" என்றாள்.

மணிதான் முதலில் சேலையை விட்டான். தரையைக் குனிந்து பார்த்தான். ஒரு காலை வைத்தான். மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். சுவரோரம் பார்த்தான். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக அந்தக் கோடி வரைக்கும் ஓடினான்.

அவ்வளவுதான். அத்தனையும் அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடின. ஒன்று சுழல்நாற்காலியில் ஏறிச் சுற்றியது. இரண்டு பேர் ஸ்டாம்ப் பேடில் கையை வைத்துச் சுவரெல்லாம் நீலக் கையைப் பதித்தார்கள். ஒருத்தி மேசை மேல் இருந்த காலிங் பெல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். அதன் சத்தத்துக்குச் சின்னதுகள் எல்லாம் சிரித்துச் சிரித்து உருண்டன. கோப்புகள் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தன. பியூன் அவற்றைப் பொறுக்குகிறவர் மாதிரி குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்தார். கண்ணாடி நெற்றியிலேயே இருந்தது.

"என்னம்மா இது ஆபீஸா, சந்தையா? மொதல்ல இதுங்கள உக்கார வைங்க! டிசிப்ளினான புள்ளைங்கன்னு நேத்துதான சொன்னேன், ஒரு நிமிஷம் ஒரு எடத்துல உக்காராதா?"

"உக்காராதுக மேடம்" என்றாள் மும்தாஜ். "இங்கன தரை கண்ணுக்குத் தெரியுதுல்ல."